வீடு திரும்பிய பின்: மாரடைப்புக்குப் பிந்தைய மன அழுத்தமும் வாழ்க்கை மீட்பும்

மாரடைப்பிலிருந்து பிழைத்து, ஸ்டென்ட் பொருத்தப்பட்டோ பைபாஸ் அறுவை முடிந்தோ வீடு திரும்புகிறவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில், "இனிமேல் டென்ஷன் ஆகக் கூடாது" என்பதைப் போல அடிக்கடி சொல்லப்படுவதும் அதைப் போலப் பயன்படாததும் வேறில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னால் எப்படிக் குறைப்பது என்பது எவருக்கும் விளங்கும். டென்ஷனைக் குறைக்கச் சொல்வதில் கைக்கொண்டு செய்ய ஏதும் இல்லாததால், கேட்டவர் தம் மனத்தில் எழும் ஒவ்வொரு கலக்கத்தையும் இதயத்துக்கு நேரும் ஆபத்தாகக் கருதி மேலும் கலங்கத் தொடங்குகிறார். மாரடைப்புக்குப் பிந்தைய மாதங்களில் நோயாளியை வாட்டும் மன அழுத்தத்தின் பெரும்பகுதி, நோயைப் பற்றி அவரும் குடும்பத்தாரும் கொண்டுள்ள பிழையான எண்ணங்களாலும் அவ்வெண்ணங்கள் உண்டாக்கும் முடக்கத்தாலும் விளைவது என்பதும், அளவறிந்து படிப்படியாக முன்பு செய்த காரியங்களுக்குத் திரும்புவதே அதற்கு முதன்மையான சிகிச்சை என்பதும் இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. உடற்பயிற்சி, மருந்து, உணவு, புகை நிறுத்தம், மன ஆலோசனை ஆகியவற்றை ஒரே திட்டமாக இணைத்து வழங்கும் "இதய மறுவாழ்வுப் பயிற்சி" என்னும் முறை பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றில்தான் கிடைக்கிறது என்பதால், வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்கவை இங்கு விரிவாகச் சொல்லப்படுகின்றன.

மனம் கலங்கும்போது உடலில் நடப்பது

அச்சமோ சினமோ எழும்போது அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன; நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் உறையக் காரணமான தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் இயல்பு கூடுகிறது. இதயத் தமனியில் ஏற்கெனவே கொழுப்புப் படிவு உள்ளவருக்கு இம்மூன்றும் ஒருசேர நிகழ்வது தீங்கானது. 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கு வழிவகுக்கும் ஒன்பது காரணிகளுள் ஒன்றாக, புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் வரிசையிலேயே மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் உள்ளடக்கிய உளசமூகக் காரணியை வைத்தது.

எந்த வகை மன அழுத்தம் என்பதில் கருத்துகள் மாறி வந்துள்ளன. 1950-களில் சான் பிரான்சிஸ்கோ நகர மருத்துவர்களான மேயர் ஃப்ரீட்மனும் ரே ரோசன்மனும், எப்போதும் அவசரமும் போட்டியுணர்வும் கொண்டவர்களை "ஏ வகையினர்" எனப் பெயரிட்டு, அவர்களுக்கே இதய நோய் மிகுதி என்றனர். சுறுசுறுப்பாக உழைப்பவர்கள் பலர் இன்றளவும் "என் வேகமே எனக்கு எமனாயிற்று" என்று தம்மை நொந்துகொள்வதற்கு அக்கருத்தின் பரவலும் ஒரு காரணம். பின்வந்த ஆய்வுகளில் அவசரமும் உழைப்பும் பெருங்குற்றவாளிகளாக நிலைக்கவில்லை. அவ்வகையின் கூறுகளில் ஓரளவு தாக்குப்பிடித்தது பகைமையுணர்வும் சினமும்தான். கடுஞ்சினம் வெடித்ததற்கு அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் உயர்வதாகக் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே சுறுசுறுப்பைக் கைவிட வேண்டியதில்லை. கடைப் பையனிடமும் போக்குவரத்து நெரிசலிலும் மூண்டெழும் கோபத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

"பம்பிங் 45 தான்": எண்களும் எண்ணங்களும்

மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயாளிகள் மனப்பாடமாகச் சொல்லும் எண் ஒன்று உண்டு. எக்கோ பரிசோதனையில் அளக்கப்படும் அந்த எண்ணை மக்கள் "பம்பிங்" என்கின்றனர்; ஒவ்வொரு துடிப்பின்போதும் இடது கீழறையில் நிறைந்திருக்கும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேற்றப்படுகிறது என்பதே அது. 45 சதவீதம் என்று எழுதியிருந்தால், நூற்றுக்கு நாற்பத்தைந்து மதிப்பெண் பெற்ற மாணவனைப் போலவும் இதயத்தில் பாதிக்கு மேல் பழுதாகிவிட்டது போலவும் வீடே துயரத்தில் ஆழ்கிறது. நோயற்ற இதயமும் உள்ளிருக்கும் இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் வரை வெளியேற்றுவதே இயல்பு. அந்த அளவுகோலில் 45 என்பது மிதமான குறைவு மட்டுமே. மாரடைப்பின் அதிர்ச்சியில் தற்காலிகமாகச் செயலிழந்த தசை மீளும்போது சில வாரங்களில் இந்த எண் உயர்வதும் உண்டு. 40-க்குக் கீழே இருந்தால் மருந்தும் கண்காணிப்பும் கூடுதலாகத் தேவை. அப்போதும் படுக்கையே கதி என்பது அதன் பொருள் ஆகாது.

நோயாளி தம் இதயத்தை எவ்வாறு கற்பனை செய்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த ஆய்வு ஒன்று எளிய முறையில் காட்டியது. மாரடைப்பு வந்தவர்களிடம் தாளும் பென்சிலும் தந்து, தங்கள் இதயம் இப்போது எப்படி இருக்கிறது என்று வரையச் சொன்னார்கள். பழுதான பகுதியைப் பெரிதாக வரைந்தவர்கள் வேலைக்குத் திரும்பக் கூடுதல் காலம் எடுத்துக்கொண்டனர். உண்மையான தசைச் சேதத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைவிட அந்தப் படமே அவர்களின் மீட்சியைச் சரியாக முன்னுணர்த்தியது. அதே நகரில் 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருத்துவமனையில் இருக்கும்போதே மூன்று சிறு அமர்வுகளில் நோயைப் பற்றிய எண்ணங்களைத் திருத்தியதால் நோயாளிகள் விரைவாக வேலைக்குத் திரும்பினர். நெஞ்சுவலியும் குறைவாகவே இருந்தது.

தமிழ்க் குடும்பங்களில் திருத்தப்பட வேண்டிய எண்ணங்கள் சில உண்டு. மாரடைப்புக்குப் பின் இதயத்தில் ஓட்டை விழுந்துவிடும் என்றும், வேகமாகத் துடித்தால் அது தேய்ந்துவிடும் என்றும், ஆஞ்சியோ படத்தில் கண்ட "இன்னும் இரண்டு பிளாக்" எந்நேரமும் வெடிக்கக் காத்திருப்பவை என்றும், ஸ்டென்ட் இடம்பெயர்ந்துவிடும் என்றும் எண்ணுவது பொதுவானது. காயமடைந்த தசைப்பகுதி சில வாரங்களில் உறுதியான தழும்பாக மாறுகிறது; தமனியின் சுவரோடு பொருந்திய ஸ்டென்ட் நடப்பதாலோ குனிவதாலோ நகர்வதில்லை; சிகிச்சை செய்யாமல் விடப்பட்ட அடைப்புகள் பெரும்பாலும் மருந்தாலேயே கட்டுப்படுத்தத்தக்கவை என்று முடிவு செய்தே விடப்பட்டிருக்கும். ஸ்டென்ட் உள்ளவர் உண்மையாகவே அஞ்ச வேண்டியது வேறு: இரத்தம் உறையாமல் தடுக்கும் இரு மாத்திரைகளை, பல் பிடுங்குவதற்காகவோ வயிறு எரிகிறது என்பதற்காகவோ, இதய மருத்துவரைக் கேளாமல் தாமாகவே நிறுத்திவிடுவது.

முழு ஓய்வே பாதுகாப்பு என்னும் எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை படுக்கையிலேயே கிடத்துவது மருத்துவ நெறியாகவே இருந்தது. 1952-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்டு லௌனும், நோயாளியை முதல் வாரத்திலேயே நாற்காலியில் உட்காரவைத்த அனுபவத்தை வெளியிட்ட பிறகே அந்த நெறி தளரத் தொடங்கியது. மருத்துவம் கைவிட்ட அந்தப் படுக்கையை வீடுகள் இன்னும் கைவிடவில்லை.

குடும்பத்தாரின் அக்கறை

"அப்பா, நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டும் மகளின் அன்பில் குறை காண முடியாது. ஆயினும் அதே அன்பு ஆறு மாதம் நீடித்தால், அந்தத் தந்தை உண்மையிலேயே எழ முடியாதவராகிவிடுகிறார். படுக்கையிலிருப்பவரின் தசைகள் நாள்தோறும் வலுவிழப்பதால் சிறு வேலைக்கும் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குவதை இதயத்தின் குறையாகக் கருதி மேலும் ஒதுங்க, தசை மேலும் தளர்கிறது. இந்தச் சுழலுக்குள் சிக்கியவர்கள் பலரின் எக்கோ அறிக்கை தெளிவாகவே இருக்கும்.

செய்திகளை மறைப்பதும் இவ்வகையானதே. உறவினர் இறப்பையோ கடன் நெருக்கடியையோ நோயாளிக்குத் தெரியாமல் காக்க, வீட்டில் தொலைபேசிப் பேச்சுகள் கிசுகிசுப்பாக மாறுகின்றன. அந்தக் கிசுகிசுப்பைத் தம் உயிர் பற்றிய பேச்சாகவே நோயாளி புரிந்துகொள்கிறார். துயரச் செய்தியை அமர்ந்த நிலையில், அருகில் ஒருவர் இருக்க, நேராகச் சொல்வதே நல்லது. பணவிஷயமும் அப்படித்தான்: அறுவைச் செலவில் காப்பீடு எவ்வளவு ஏற்றது, கடன் எவ்வளவு, மாத மருந்துச் செலவு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி நோயாளியையும் சேர்த்துக்கொண்டு பேசினால், தெளிவற்ற அச்சம் கணக்கிடத்தக்க சுமையாகச் சுருங்கும். செலவுக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்பவர்கள் உண்டு. மக்கள் மருந்தகங்களில் அதே மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்குமா என்று மருத்துவரிடமே கேட்கலாம். நலம் விசாரிக்க வந்து, இரண்டாவது அட்டாக்கில் போய்விட்டவர்களின் கதையைச் சொல்லும் உறவினரை வாசலோடு அனுப்பிவைக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்பது நலம்.

பெண் நோயாளிகளின் நிலை பெரும்பாலும் நேர்மாறானது. தாய்க்கு மாரடைப்பு வந்தால் பத்தாம் நாளே அவர் அடுப்படியில் நிற்பதும், குடம் தூக்குவதும், தம் சோர்வைச் சொல்லாமல் விழுங்குவதும் சாதாரணமாக நிகழ்கின்றன. உலகெங்கும் மறுவாழ்வுப் பயிற்சிகளில் பெண்கள் குறைவாகவே சேர்கின்றனர். ஆணுக்கு "எழுந்து நடங்கள்" என்று சொல்ல வேண்டிய குடும்பம், பெண்ணுக்கு "கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாளில் அரைமணி நேரம் எவருக்கும் எதுவும் செய்யாமல் தமக்காக மட்டும் நடக்க அவருக்கு இடம் ஏற்படுத்தித் தருவது அக்குடும்பத்தின் கடமை.

நடை

சிக்கலின்றி வீடு திரும்பியவர் மருத்துவரின் ஒப்புதலோடு முதல் வாரத்தில் சமதளத்தில் 5 நிமிடம், நாளுக்கு இருமுறை நடக்கத் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டி, ஏறத்தாழ ஆறு வாரங்களில் 30 நிமிட நடையை எட்டலாம். பீட்டா தடுப்பான் வகை மாத்திரைகள் நாடியை மட்டுப்படுத்துவதால், நாடித் துடிப்பை எண்ணி வேகத்தை முடிவு செய்வது இவர்களுக்குப் பொருந்தாது. அதைவிட நம்பகமானது பேச்சுச் சோதனை: நடக்கும்போது உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்றே கூடியிருக்க வேண்டும். பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக நடப்பதும், உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது கழித்தே கிளம்புவதும், கோடையில் வெயிலுக்கு முன் முடித்துவிடுவதும் தவறாமல் பின்பற்றத்தக்கவை. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தின்படி மாவட்டந்தோறும் அமைந்த நடைபாதைகள் 8 கிலோமீட்டர் நீளமுள்ளவை. புதிதாக மீண்டவர் அந்தத் தொலைவை இலக்காகக் கொள்ளாமல், முதல் மைல்கல் வரை சென்று திரும்புவது போதும்.

முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. நேற்று 15 நிமிடம் நடந்தவருக்கு இன்று 8 நிமிடத்தில் களைப்பு வரலாம். நல்ல நாளில் எல்லா வேலையையும் செய்து தீர்த்து மறுநாள் படுத்துவிடும் பழக்கமே பெரும்பாலும் இதற்குக் காரணம். உடல் நன்றாக இருக்கும் நாளிலும் குறித்த அளவோடு நிறுத்திக்கொள்வது, இல்லாத நாளில் பாதியாவது நடப்பது என்பதே முறை. நடையின்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், மயக்க உணர்வு தோன்றினால் நிறுத்த வேண்டும். இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் காலையில் எடை பார்த்துக் குறித்துவர வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் உடலில் நீர் சேர்கிறது என்று கொண்டு மருத்துவரை நாட வேண்டும்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கால்கள் நடையைத் தாங்கினாலும், அறுத்துக் கம்பியால் இணைக்கப்பட்ட மார்பெலும்பு கூடிவர 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை பேரக்குழந்தையைத் தூக்குவது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது, இருசக்கர வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவது ஆகியவை கூடாது. கடைசியில் சொன்னதைப் பலரும் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. இரு கைகளாலும் நெஞ்சாலும் வண்டியை இழுத்து ஏற்றும் அந்த ஒரு நொடியில் எலும்பின் மேல் விழும் இழுவிசை கணிசமானது.

படபடப்பா, நெஞ்சுவலியா?

வீடு திரும்பிய பின் நெஞ்சில் ஏற்படும் ஒவ்வொரு குத்தலும் அடுத்த அட்டாக்காகத் தோன்றுவது இயல்பு. பைபாஸ் தழும்பில் வரும் குத்தலும் மரப்பும், விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டக்கூடிய வலியும், புரண்டு படுத்தால் மாறும் வலியும் பெரும்பாலும் தசையிலிருந்தோ எலும்பிலிருந்தோ வருபவை. பதற்றத்தின்போது திடீரென மூச்சு வேகமாகி, விரல்நுனிகளும் உதடும் மதமதத்து, சாகப் போகிறோம் என்ற உணர்வோடு நெஞ்சு படபடப்பது பீதித் தாக்கம் எனப்படும். இதயத்துக்கு இரத்தம் போதாமையால் வரும் வலியோ, பெரும்பாலும் உடல் உழைப்பின்போது நெஞ்சின் நடுவே பாரம் வைத்தது போல அழுத்தி, தோள், தாடை, இடக்கைக்குப் பரவி, ஓய்வெடுத்தால் தணியும். ஆனால் சர்க்கரை நோயாளிகளிலும் பெண்களிலும் முதியவர்களிலும் மூச்சுத் திணறலாகவோ வியர்வையாகவோ வெறும் நெஞ்சுக் கரிப்பாகவோ மட்டும் அது தோன்றக்கூடும் என்பதால், "வாயுப்பிடிப்புதான்" என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதுவது ஆபத்தானது.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது, அச்சத்தைத் தணிப்பதில் எந்த ஆறுதல் சொல்லையும்விட வலியது. செய்துகொண்டிருப்பதை நிறுத்தி உட்கார வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த சார்பிட்ரேட் மாத்திரையை, இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும் என்பதால் உட்கார்ந்த நிலையிலேயே, நாக்கின் அடியில் வைக்க வேண்டும். 5 நிமிடத்தில் வலி தணியவில்லை என்றாலோ கூடினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். தாமே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லக் கூடாது. இந்த நான்கு வரிகளும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருந்தால், நள்ளிரவில் எவரும் யோசிக்க வேண்டியதில்லை.

மனச்சோர்வு

முதல் சில வாரங்களில் காரணமின்றி அழுகை வருவதும், தூக்கம் கெடுவதும், சிடுசிடுப்பும் பெரும்பாலோருக்குத் தாமாகவே தணியும். மாரடைப்புக்கு ஆளானோரில் ஐவரில் ஒருவருக்கு அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோயாக நிலைபெறுகிறது. மான்ட்ரியல் நகரில் 222 நோயாளிகளைக் கொண்டு 1993-இல் வெளியான ஆய்வு, இத்தகையோர் ஆறு மாதங்களுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. இதைக் கண்டறிய மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே: கடந்த இரு வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? பெரும்பாலான நாட்களில் ஆம் என்றால், அடுத்த பரிசோதனையில் நெஞ்சைப் பற்றிச் சொல்வது போலவே இதையும் சொல்ல வேண்டும். சில இதய மருந்துகளும் சோர்வை உண்டாக்கும் என்பதால் மருத்துவர் முதலில் அதைச் சரிபார்ப்பார்.

சிகிச்சையின் பயனை மிகைப்படுத்தாமல் அறிவது நல்லது. ஏறத்தாழ 2,500 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், உளவியல் சிகிச்சை மனச்சோர்வைக் குறைத்தது, ஆனால் ஆயுளைக் கூட்டவில்லை. செர்ட்ரலின் என்னும் மருந்து இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது என்பது 2002-இலேயே உறுதியாயிற்று. மாத்திரையை ஒழுங்காக உண்ணவும், நடக்கவும், பேரனோடு விளையாடவும் மனம் வருவதே போதுமான பயன். ஆயுள்கணக்கு பார்த்து அதை மறுக்க வேண்டியதில்லை. உளநல ஆலோசகர் அருகில் இல்லாதவர்கள் 14416 என்னும் டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

டென்ஷனுக்காகப் புகைப்பதாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிகரெட்டோ பீடியோ தணிப்பது பெரும்பாலும் முந்தைய பீடி இறங்கியதால் வந்த தவிப்பையே. மாரடைப்புக்குப் பின் புகையை விடுவது இறப்பு அபாயத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. எந்த யோகாவுக்கும் அந்த அளவு ஆற்றல் மெய்ப்பிக்கப்படவில்லை. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,000 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான யோகா-கேர் ஆய்வில், யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சி இறப்பையும் மறு மாரடைப்பையும் ஐயத்துக்கு இடமின்றிக் குறைத்ததாகக் காணவில்லை. பயின்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்ததும், முன்பு செய்த வேலைகளுக்கு நன்றாகத் திரும்பியதும் உறுதியாயின. நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட நீளமாக விடுவதை நாளுக்கு 10 நிமிடம் செய்யலாம். மூச்சை அடக்கும் கும்பகமும் வேகமான கபாலபாதியும் பயிற்றுநரும் மருத்துவரும் ஒப்பாமல் கூடாது.

வேலையும் தாம்பத்தியமும் மலையேற்றமும்

மேசை வேலை பார்ப்பவர் சிக்கலற்ற மாரடைப்புக்குப் பின் இரண்டு முதல் ஆறு வாரங்களிலும், பைபாஸுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களிலும் பெரும்பாலும் திரும்ப முடிகிறது. முதல் வாரம் அரை நாள் வேலைக்கு நிறுவனம் இசைந்தால் நல்லது. சுமை தூக்குவோர், கொத்தனார், ஓட்டுநர் முதலியோருக்கு ஓடுபொறியில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் டிஎம்டி பரிசோதனைக்குப் பின்னரே முடிவு சொல்ல முடியும். வேலையை விடுவது, கடையை விற்பது, சொந்த ஊருக்கே போய்விடுவது போன்ற பெரிய முடிவுகளை முதல் மூன்று மாதங்களில் எடுக்காதிருத்தல் நல்லது. அச்சத்தில் விற்ற கடை அச்சம் தணிந்த பின் திரும்பி வராது.

தாம்பத்திய உறவைப் பற்றி நோயாளி கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் தனித்தனியே அஞ்சி, தனித்தனி அறைகளுக்குப் போய்விடுகின்றனர். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல், வலியோ திணறலோ இன்றி ஏற முடிகிறவருக்கு இது இயல்பாகத் தாங்கக்கூடிய உழைப்பே. கடும் எச்சரிக்கை ஒன்றுதான்: சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளைப் பயன்படுத்துகிறவர், வயாகரா எனப்படும் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் உண்ணக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும்.

மாலை போடலாமா, மலை ஏறலாமா என்பது கார்த்திகை பிறந்தவுடன் இதய மருத்துவர்களிடம் தவறாமல் வரும் கேள்வி. பழனியின் 600-க்கும் மேற்பட்ட படிகளுக்கு மாற்றாக விஞ்ச் ரயிலும் ரோப்காரும் உள்ளன. சபரிமலையில் பம்பையிலிருந்து சன்னிதானம் வரையிலான ஏற்றமோ, நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்கள் அமைக்க வேண்டிய அளவுக்குக் கடுமையானது. மாரடைப்பு வந்த முதல் பருவத்திலேயே அதை மேற்கொள்வதைவிட, ஓராண்டு நடைப்பழக்கத்துக்கும் டிஎம்டி பரிசோதனைக்கும் பின், மருத்துவர் இசைந்தால் மேற்கொள்வதே முறை. செல்பவர் மலைக்குப் போகும் முன் சில மாதங்களாவது படியேற்றத்தைப் பழகியிருக்க வேண்டும். விரதத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து உண்பவர் ஒருவேளை உணவைக் குறைப்பதானால் மருந்தின் அளவை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நாக்கடியில் வைக்கும் மாத்திரையை இருமுடிக்குள் கட்டிவிடாமல், கை எட்டும் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது எந்த உறையில் இருக்கிறது என்பது உடன் வரும் குருசாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.